சக்கரம் நின்ற பிறகு

பகல் பதினொன்று ஐந்துக்குத் தம்பியின் போன் அடித்தது.

"ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். இது ஒத்திகை. கிட்னி கிடைச்சிருச்சுன்னு வெச்சுக்கிட்டு உடனே கிளம்புங்க. நாலு மணி நேரம். மூணு அஞ்சுக்கு என் மேஜைக்கு முன்னாடி நிக்கணும்."

பேசியவள் மாற்று அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நேரத்துக்கு நிற்காவிட்டால் பட்டியலில் பெயர் ஏறாது.

ஆஸ்பத்திரி இருந்தது வேறு நகரத்தில். அங்கேயே வீடு பார்த்து வந்துவிடச் சொல்லி நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள். அக்காதான் ஒப்பவில்லை. "டயாலிசிஸ் முடிஞ்சு தள்ளாடிட்டு வர்றவன் என் கண் முன்னாடி இருக்கட்டும்."

அக்காவுக்கு விமான நிறுவனத்தில் வேலை. தூரம், காற்று, எரிபொருள் பார்த்து விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிக்கும் அவளே கணக்கு எழுதிக் கொடுத்தாள். நேர்க்கோட்டில் எழுநூற்று நாற்பது கிலோமீட்டர். ராணுவ வான்வெளியைச் சுற்றினால் எண்ணூற்றுப் பன்னிரண்டு. மணிக்கொரு விமானம். வாசலிலிருந்து வாசலுக்கு மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம்.

"இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம்டா. நடுவுல காபி கூடக் குடிக்கலாம்" என்றாள், டாக்சியில்.

"எனக்குத் தண்ணியே அளந்துதான் தர்றாங்க. காபியாம்!"

பன்னிரண்டே முக்கால் விமானம் பிசகாமல் கிளம்பியது. இரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரி இருந்த நகரத்தில் அதன் சக்கரங்கள் நின்றன.

"சொன்னேனா இல்லையா?"

இருபத்திரண்டாவது வரிசை. முன்னால் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. படிக்கட்டு வண்டி வரவில்லை. அது வந்தபோது பஸ் வரவில்லை. பஸ் வந்தது, நிரம்பும்வரை அசையவில்லை.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு வருடமாக அவள் பதிவேட்டில் பயணம் சக்கரம் உருளும்போது தொடங்கும், நிற்கும்போது முடியும். அதற்குப் பிறகு நடப்பதற்குக் கட்டமே கிடையாது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"இறங்குற நேரத்தை விட்டுட்டேன்டா."

"குதிச்சிடுவோம்னு நெனச்சியா?"

மூன்று பன்னிரண்டுக்கு மேஜையை அடைந்தார்கள். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்.

"ஏழு நிமிஷம்தானேம்மா..." என்றாள் அக்கா.

"நாலுன்னா நாலுதாங்க. அடுத்த ஒத்திகை ஆறு மாசம் கழிச்சு. யார் போட்ட கணக்கு இது?"

"நான்தான்."

தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "இந்த ஊர்லயே குடியிருந்தா?"

"ஒத்திகையே வேண்டாம். விலாசம் கொடுங்க, இன்னைக்கே ஏத்திடறேன்."

அக்கா வாயைத் திறந்தாள்.

"நீ போட்ட வழியில வந்தாச்சுக்கா" என்றான். "கொஞ்சம் சும்மா இரு."

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடியில், ஜன்னல் சரியாகச் சாத்தாத ஓர் அறை கிடைத்தது. ஐந்து மணிக்குள் பெயர் ஏறிவிட்டது.

மாலை விமானத்துக்கு அக்கா ஒரு டிக்கெட்தான் எடுத்தாள்.