காஜா மொய்தீன் தலையாட்டினார்

மடக்குகிற போன் மடக்குகிற இடத்தில்தான் போகும், இதைக் கண்டுபிடிக்க ஒரு இயந்திரத்தை வைத்து ராப்பகலாக மடக்கி விரித்துப் பார்க்க வேண்டுமா, முப்பது வருஷமாக சுவிட்சு விற்கிற ஒருவனைக் கேட்டால் நின்ற இடத்தில் சொல்லிவிடுவான், அசைகிற எதுவும் தேயும்... என்று தவசிமுத்து நினைத்துக்கொண்டிருக்கும்போதே சென்னை பீச்சுக்குப் போகிற மின்சார ரயில் எண்ணூரை விட்டு நகர்ந்தது. குளிக்கும்போதே இன்றைக்குப் பேச வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்தியாகிவிட்டது. முதலில் போன். அதை விம்கோ நகருக்குள் முடித்துவிடலாம். அடுத்து காந்தம், சீனாக்காரன் காந்தத்தைக் கொடுக்கமாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டால் இங்கே மின்சார ஸ்கூட்டர் ஓடாது, இது எத்தனை பேருக்குத் தெரியும், ஒரு கைப்பிடி காந்தம், அதை வைத்துக்கொண்டு ஒரு தேசம் இன்னொரு தேசத்தின் காதைத் திருகுகிறது. அப்புறம் நேரமிருந்தால் அந்தச் செயற்கை மூளை. மகன் ஜெனிஷ் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான், எர்த் வயரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், தப்பாகச் சொன்னது, சொன்னால்கூடப் பரவாயில்லை, எவ்வளவு தைரியமாகச் சொன்னது. தெரியாது என்கிற சொல்லையே அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது, இப்படி ஒரு ஆளைக் கடையில் வைத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் எவன் வீடாவது பற்றி எரியும்... இது நல்ல வரி, இதைத் தண்டையார்பேட்டை தாண்டிச் சொல்ல வேண்டும், அங்கேதான் வண்டி கொஞ்சம் நிதானமாகப் போகும்.

வீட்டில் யாரிடம் சொல்வது. மனைவி சுகிர்தத்திடம் வாயைத் திறந்தால், உங்க உலகச் செய்தியை ரயிலுக்கு வச்சுக்கிடுங்க, எனக்கு இட்லி வேகணும் என்பாள். பெங்களூரில் கணினி வேலை பார்க்கிற ஜெனிஷ் இரண்டாவது வாக்கியத்தில், சரிப்பா, மீட்டிங், என்று வைத்துவிடுவான், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட மீட்டிங் இருக்கிறது. பிராட்வேயில் இவருடைய எலெக்ட்ரிக் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்க வருகிறவர்கள், உலகத்தைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் இல்லை. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தாயிற்று, குளுகுளுவென்று போகலாம், நானே ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறேன் என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று, போயும் பார்த்தார், நான்கு நாள். எல்லோரும் காதில் எதையோ சொருகிக்கொண்டு கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பொம்மைகள் மாதிரி நிற்கிறார்கள், பேச ஒரு முகம் இல்லை. இந்த வண்டியில் வியர்வை உண்டு, மீன்கூடை வாசம் உண்டு, மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் தொண்டை கமறும், ஆனால் காஜா மொய்தீன் உண்டு. நான்கு வருஷமாக, அடுத்த ஸ்டேஷனான கத்திவாக்கத்தில் ஏறி இவர் எதிரில் உட்காருகிற மனிதர். முப்பது வருஷம் பாய்லர் பட்டறையில் தகடு அடித்து ஓய்வு வாங்கியவர், இப்போது மண்ணடியில் மைத்துனர் ரஷீதின் கைலிக் கடையில் பொழுதைப் போக்குகிறார். கேட்கத் தெரிந்த மனிதர் என்றால் அவர்தான். குறுக்கே பேசமாட்டார், முகத்தையே பார்ப்பார், நிதானமாகத் தலையாட்டுவார், அப்டித்தான் கீது என்பார். அதையும் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொல்வார், பட்டறைக்காரர் தொண்டை அப்படி. காஜா பாயே ஒத்துக்கிட்டாரு, என்று சொல்லி சுகிர்தத்திடம் எத்தனை வாக்குவாதத்தை முடித்திருக்கிறார் தவசிமுத்து.

ஒரே ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. போன தை மாதம், பாயின் மகன் முபாஷிருக்கு வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை வந்தது, போகலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரே பேஜாராகக் கீது என்று பாயே வாயைத் திறந்து சொன்னார், அவர் சொந்த விஷயம் சொன்னது அன்றைக்குத்தான். தவசிமுத்து திருவொற்றியூரில் ஆரம்பித்து ராயபுரம் வரை எடுத்துச் சொன்னார். அங்கெல்லாம் சண்டை வராது பாய், எண்ணெய் விக்கிறவன் எவனும் தன் கிணத்துப் பக்கத்துல நெருப்பைக் கொளுத்தமாட்டான், கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க, நான் சொல்லுதேன். பாய் வெகுநேரம் தலையாட்டினார். அடுத்த மாதமே முபாஷிர் விமானம் ஏறினான். நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஏவுகணை பறந்தது, விமானங்கள் நின்றன, அவனோடு போனில் பேச முடியாமல் போனது. அந்தப் பத்து நாள்... வேண்டாம், அதை நினைக்கக்கூடாது. டிவியில் வானத்தில் நெருப்புக்கோடு கிழிக்கும்போதெல்லாம் நான் சொல்லுதேன் என்ற தன் குரலே காதில் விழுந்தது, சோறு இறங்கவில்லை, ஜெபத்துக்கே வராதவர் சுகிர்தத்தின் பக்கத்தில் போய் முழங்கால் போட்டார், என்ன திடீர்னு என்றாள். ரயிலில் பாய்க்கு எதிரில் இவர் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் முபாஷிர் பேசினான், நல்லா கீறேன் நைனா என்றானாம். பாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நீ சொல்லித்தானே அனுப்பினேன் என்று பார்வையில்கூடக் கேட்கவில்லை. என்ன மனசு, என்று தவசிமுத்து அன்றைக்கு நினைத்தார், இன்றைக்கும் நினைக்கிறார், ஒருவேளை அந்த மனசுக்காகத்தான் மெட்ரோவுக்குப் போகவில்லையோ.

கத்திவாக்கம். ஏறினார் பாய், வழக்கம்போல எதிர் சீட்டு, வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, ஆனால் இரண்டு காதுக்கும் பின்னால் பழுப்பு நிறத்தில் ஏதோ மொச்சைக்கொட்டை மாதிரி, அதிலிருந்து ஒரு மெல்லிய இழை உள்ளே போகிறது. அடடே, பாயும் மாட்டிக்கொண்டுவிட்டாரே. தவசிமுத்து போன் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டுக் காதுக்கு வந்தார். புளூடூத்தா பாய், வாங்கினதுதான் வாங்கினீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா, இதுல பேட்டரி ரெண்டு வருஷம்தான் தாங்கும், அப்புறம் தூக்கித்தான் போடணும், இந்தக் கம்பெனிக்காரன் எல்லாம் பேட்டரியை உள்ள வச்சு மூடுறதே அதுக்குத்தான்... பாய் கையை உயர்த்தினார். நான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கையை உயர்த்தி நிறுத்தினார். அதைவிட அதிசயம், சின்னக் குரலில் பேசினார்.

"மெதுவா பேசுங்கோ அண்ணாச்சி. காது கூசுது. இது பாட்டு கேக்குற மிஷின் இல்ல, காது கேக்குற மிஷின். முபாஷிரு அனுப்பினான். நேத்துதான் மாட்டினாங்கோ."

காது கேக்கிறதுக்கா, உங்களுக்கு என்ன பாய் காதுக்கு, என்று கேட்டார் தவசிமுத்து, கேட்டபோதே எங்கேயோ ஒரு ஆணி கழன்றது.

"எனுக்கு காது போயி ஏழு வருஷமாவுது. பட்டறைல போனது. வூட்டாண்ட கிட்ட வந்து கத்தினா கொஞ்சம் கேக்கும். ரயிலுல சுத்தமா கேக்காது."

வண்டி விம்கோ நகரில் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், யாரோ காலை மிதித்தார்கள், தவசிமுத்துவுக்கு அது தெரியவில்லை. சுத்தமாகக் கேட்காது என்றால்... நான்கு வருஷம். ரூபாய் மதிப்பு முதல் செயற்கைக்கோள் வரை. செல்போன் கோபுரமே வேண்டாம், வானத்திலிருந்து நேராக இணையம் வரும் என்று சொன்னது, பேட்டரி கார் மழையில் நின்றால் என்ன ஆகும் என்று சொன்னது, எந்தத் தேசத்தில் யார் ஜெயிப்பார் என்று சொன்னது, அதில் மூன்று பலித்தது, பலித்த அன்றைக்கெல்லாம் பாத்தியளா பாய் என்று தொடையைத் தட்டினாரே, அதுகூடவா. தலையாட்டினாரே. முகத்தையே பார்த்தாரே... முகத்தை எங்கே பார்த்தார், உதட்டைப் பார்த்திருக்கிறார். அந்தத் தலையாட்டலை நம்பி வீட்டில் எத்தனை சண்டை ஜெயித்தோம். கோபம் வந்தது, யார்மேல் என்று பிடிபடவில்லை, ஒரு ஆள் காது கேட்காதவர் என்பதை நான்கு வருஷம் எதிரில் உட்கார்ந்து கண்டுபிடிக்காதவனா இந்த உலகத்தில் எங்கே எப்போது சண்டை வரும் என்று கண்டுபிடிக்கப்போகிறவன். பிறகு திடீரென்று, முபாஷிர் ஞாபகத்துக்கு வந்தான்.

"பாய், போன தையில முபாஷிரைப் பத்தி ஒண்ணு சொன்னேனே. நெனப்பு இருக்கா?"

"இன்னா சொன்னீங்கோ?"

சொல்லாமலே விட்டுவிடலாம். திருவொற்றியூர் வந்துகொண்டிருந்தது, கடல்காற்று உள்ளே வந்தது, பாய் அந்தக் காற்றுச் சத்தத்துக்கே முகம் சுளித்துக் காதைத் தொட்டுக்கொண்டார். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன. ஆனால் இத்தனை மாதம் சுமந்தது, இறக்கி வைக்க இடம் கிடைத்தபோது வாய் தானாகத் திறந்தது. அனுப்புங்கன்னு சொன்னேன் பாய், சண்டை வராதுன்னு சொன்னேன், நான் சொல்லித்தான் நீங்க... பாய் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வெற்றிலைக்கறை தெரியச் சிரித்தார்.

"நானு கடசி வரைக்கும் வாணாம்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. அவங்கம்மாதான் புடிவாதமா அனுப்பிச்சுட்டா. அன்னிக்கு நீங்கோ கைய ஆட்டி ஆட்டிப் பேசிகினு இருந்தீங்கோ, வூட்ல அண்ணியோட சண்ட போலன்னு நெனச்சேன். அதான் நெறைய தலையாட்டினேன், பாவமா இருந்துச்சு."

தவசிமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வந்தது. அப்படியென்றால் அந்தப் பத்து நாளும் தன் தலையில் எந்தப் பழியும் இல்லை. தன் வார்த்தையால் ஒரு பிள்ளை நெருப்புக்குப் பக்கத்தில் போகவில்லை. எவ்வளவு பெரிய நிம்மதி இது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய நிம்மதி, சுகிர்தத்திடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்... எதைச் சொல்வது. அவளுக்குத்தான் குற்றமே தெரியாதே. நிம்மதி உள்ளே வந்து உட்கார்ந்ததும் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. தன் வார்த்தையால் எதுவுமே நடக்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று நினைத்தோமே, மன்னிக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. குற்றவாளியாக இருந்த பத்து நாளில் ஒரு கனம் இருந்தது, இப்போது அந்தக் கனமும் போய்விட்டது, இது நல்லதா கெட்டதா, யோசித்தால் தெரியும், தெரியாத விஷயம் என்று ஒன்று தனக்கு எப்போது இருந்திருக்கிறது.

அப்புறம் ஏன் பாய் நாலு வருஷமா எனக்கு எதிர்லயே உக்காந்தீங்க, என்று கேட்டார். தண்டையார்பேட்டை வந்துபோனது. பாய் யோசித்தார், இப்போதுதான் தவசிமுத்து கவனித்தார், பாய் யோசிக்கும்போது கீழுதட்டைக் கட்டைவிரலால் தேய்க்கிறார்.

"மத்தவங்கோ கேள்வி கேப்பாங்கோ. காதுல வுழாம நானு எதாச்சும் ஒளறுவேன், அப்றம் சிரிப்பாங்கோ. நீங்கோ கேள்வியே கேக்கமாட்டீங்கோ. தலையாட்டினா போதும். உங்க கூட வந்தா எனுக்கு செவுடுன்னே தோணாது." கொஞ்சம் நிறுத்தி, "அந்தச் சண்ட நடந்தப்போ பத்து நாளு நீங்கோ வாயே தொறக்கல. எல்லாரும் வந்து வந்து கேட்டாங்கோ, நீங்கோ மட்டும் கம்முனு குந்திகினு இருந்தீங்கோ. எனுக்காகத்தான்னு தெரிஞ்சுது. முபாஷிராண்ட சொன்னேன், எனுக்கு ஒரு தோஸ்து கீறாரு ரயிலுலன்னு."

அது உங்களுக்காக இல்லை பாய், பயத்தில் என்று சொல்ல வாயெடுத்தார் தவசிமுத்து. எடுத்த வாயை மூடிக்கொண்டார். பயத்தில் மட்டும்தானா, அவருக்காகவும் கொஞ்சம் இருந்திருக்காதா, இருந்திருக்கும், எவ்வளவு என்று அளக்கக் கருவி எதுவும் வரவில்லை இன்னும். முழங்கால் போட்டபோது யாருக்காகப் போட்டோம்... கொருக்குப்பேட்டையில் வண்டி சிக்னலுக்கு நின்றது. பாய் இந்த நிசப்தத்தை ரசிக்கிறவர் போலத் தலையைச் சாய்த்து, தூரத்தில் எங்கேயோ சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தத்தைக் கேட்டார். ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதர் கேட்கிற சத்தம். அது எப்படி இருக்கும் என்று தவசிமுத்துவுக்குத் தெரியாது. பாயின் மனைவி பெயர் தெரியாது. முபாஷிருக்கு முன்னாலோ பின்னாலோ பிள்ளைகள் உண்டா, தெரியாது. மலேசியாவின் துணைப் பிரதமர் பெயர் தெரியும்.

"இப்போ சொல்லுங்கோ. இன்னிக்கு இன்னா நியூசு?" என்றார் பாய், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி.

வரிசைப்படுத்தி வைத்த எதுவும் நாக்கில் வரவில்லை. முதன்முதலாகக் கேட்கப்போகிறார், எதைச் சொன்னாலும் உள்ளே போய் விழும், போனால் திரும்ப எடுக்க முடியாது. தவசிமுத்து போனை எடுத்து விரலால் தள்ளினார். ஏதோ ஒரு தேசத்தில் ஆளே இல்லாமல் கப்பல் விடுகிறார்களாம், கரையிலிருந்தே ஓட்டுவார்களாம், இயந்திர அறையில் மனிதனே கிடையாதாம். இதற்கு ஒரு கருத்து உடனே தயாராகிவிட்டது, நல்ல கருத்து, சிரிப்பும் வரும். வண்ணாரப்பேட்டை தாண்டி ராயபுரமும் வந்தது, துறைமுகத்துக் கிரேன்கள் கூரைகளுக்கு மேலே தெரிந்தன. முப்பது வருஷம் பாய்லர் அடித்தவர் எதிரில் இருக்கிறார் என்று திடீரென்று உறைத்தது. செய்தியைப் படித்துக் காட்டினார், மெதுவாக, காது கூசாத சத்தத்தில். படித்துவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது பாய்?" என்றார்.

பாய் கீழுதட்டைத் தேய்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வண்டி கிளம்பியது. இன்னும் பதில் வரவில்லை. ஒரு மனிதன் யோசித்துப் பதில் சொல்ல இவ்வளவு நேரமா ஆகும், தவசிமுத்துவின் கருத்து இரண்டு தடவை பல்வரைக்கும் வந்து முட்டிவிட்டுத் திரும்பியது, மூன்றாவது தடவை உதட்டை இறுக்கிக்கொண்டார். பாய் சொல்லப்போகிறார். ஆமாம் என்பாரா, இல்லை என்பாரா... இத்தனை வருஷத்தில் பாய் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது இல்லை. இப்போது தெரியவில்லை. பீச் வருவதற்கு இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது.