ஜிலேபி மீனுக்குப் போட்ட இரை

தென்காசியில் மிஸ்ரியா வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் வளர்ந்த ஜிலேபி மீன்கள், அவள் கணவன் ரிஃபாத் இறந்த மறுநாளிலிருந்து அவன் குரலைத் தவிர வேறெதையும் தின்னவில்லை.

சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்த ரிஃபாத், அந்தத் தொட்டியைப் போனில் பேசிப் பேசியே கட்டியிருந்தான். மீன் அழுக்காக்கிய தண்ணீர் மோட்டாரில் ஏறி, ஜல்லி நிரப்பிய பாத்தியில் புதினாவுக்கு உரமாகி, தெளிந்து தொட்டிக்கே திரும்பிவிடும். கட்லாவுக்கு ஆழம் போதாது, விரால் தன்னோடு இருப்பதைத் தின்றுவிடும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "ஜிலேபி போடு மிஸ்ரி, அது லேசுல சாகாது" என்றான். அவன்தான் லேசில் போய்விட்டான். நோன்பு மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது அவனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. விழித்தபோது அவனோடு தங்கியிருந்தவர் அழைத்துச் சேதி சொன்னார். அங்கேயே அடக்கிவிட்டார்கள். அந்தக் குரல்செய்தியை மிஸ்ரியா திறக்கவேயில்லை.

கணவன் இறந்தபின் வீட்டை விட்டு வெளியேறாமல் இத்தா இருந்தவளுக்குப் போக்கிடம் மொட்டைமாடி மட்டும்தான். கடலைப்புண்ணாக்கு, அசோலா, அவித்த சோறு எதற்கும் மீன்கள் வாய் திறக்கவில்லை. புதினா மஞ்சளடித்தது. ஒருநாள், சிலிண்டர் வந்ததா என்று அவன் கேட்டிருந்த பழைய குரல்செய்தியைத் தொட்டியருகே போட்டுக் கேட்டாள். மீன்கள் மேலே வந்து தின்றன. போனில் அந்தச் செய்தி இல்லாமல் போயிற்று. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை பிள்ளைகளே, பசித்தது, தின்றது. அவன் பொறுக்கிய மீன்களைப் பட்டினி போட அவளுக்கு மனம் வரவில்லை. வங்கி விஷயம் பேசியவற்றை முதலில் கொடுத்தாள். கொஞ்சியவற்றையும் கொடுத்தாள். சண்டை போட்டவற்றைக் கொடுக்கத்தான் ரொம்ப நாளாயிற்று.

புதினா தழைத்தது. தெருவுக்கே கொடுத்தாள். அடுத்த வீட்டு யோகலட்சுமி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, எங்க வீட்டு ரசத்துல உன் மாப்ள இருமுதாரு. மிளகு கூட ரெண்டு தட்டிப் போட்டேன்."

"அவுகளுக்கு மிளகு ஆகாதுக்கா" என்ற மிஸ்ரியா, அவன் போனபிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, தண்ணீர் குளிர்ந்து, மீன்கள் மெலிந்து அடியில் கிடந்தன. போனில் மிச்சம் திறக்காத அந்த ஒன்றுதான். பசி முற்றிய மீன்கள், அவள் காதுக்கு எட்டுமுன்பே குரலை இழுத்துக்கொள்ளும்.

"உள்ள வச்சு ஒரு தடவ கேட்டுட்டுப் போடேம்ட்டி" என்றாள் யோகலட்சுமி.

"கேட்டுட்டா தீந்து போயிரும்க்கா."

மிஸ்ரியா போனைத் தண்ணீருக்கு அருகில் பிடித்தாள். மழைச் சத்தம்தான் அவளுக்குக் கேட்டது.

அடுத்த தழைப்பையும் தெருவுக்குக் கொடுத்தாள். சட்டினிக்கு ஆய்ந்துகொண்டிருந்த யோகலட்சுமி, ஒற்றைக் காம்பை உள்ளங்கையில் வைத்து நனைந்தபடி மாடியேறி வந்தாள். "இது உனக்குள்ளதுட்டி."

மிஸ்ரியா அதைக் காதில் வைத்தாள்.

"மிஸ்ரி, தூங்கிட்டியா?"

"இல்ல மச்சான். முழிச்சிட்டேன்."

காம்பை ஜல்லியில் ஊன்றினாள். புதினா காம்பு வைத்தாலே பிடித்துக்கொள்ளும். மீன்கள் இப்போது புண்ணாக்கே தின்கின்றன. புதினாவுக்கு வருகிறவர்கள் அந்த ஒரு செடியை விட்டுவிட்டுத்தான் கிள்ளுகிறார்கள். அது மதியமானால் கேட்கும். அவள் பதில் சொல்லிவிட்டு இரை போடுவாள்.