ஐரினின் பதிவேட்டில் ஓர் ஆடு

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை, குழாயடியில் நான் அவிழ்த்துவிட்ட ஒரு பொய்யில் பிறந்தது. அந்தப் பொய் ஓர் ஆடு.

ஆரோக்கியதாஸ் வாத்தியார் மகள் ஐரின், மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். ஆண்டு 2000. கடைசி வருடச் செய்முறைப் பயிற்சியாக, திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து, இரண்டு கட்சிக்காரர்களிடம் விவரம் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. அலுவலகத்துக்கு வந்த அத்தனை பேரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "பாப்பா, வக்கீலய்யா எப்ப வருவாரு?"

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீதிதேவதையின் கண்கட்டைப் போலவே ஐரினின் ரிப்பனும் கறுப்பு. அது காற்றில்..." எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

3

குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் ஐரின் அழுதாள்.

"அதுக்கு ஏன்டி அழுகுற? வழக்குத்தானே? இங்கனயே ஒண்ணு செஞ்சுக்குவோம்" என்றேன்.

செய்தோம். வழக்கு இதுதான்: எங்கள் தெரு இஞ்ஞாசியம்மாளின் ஆடு, எதிர்வீட்டு மூக்கையாவின் கறிவேப்பிலைக் கன்றைத் தின்றுவிட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே நடிக்கச் சம்மதித்தார்கள். இஞ்ஞாசியம்மாளிடம் ஆடே கிடையாது.*

ஐரின் குறுக்கே பேசாமல் கேட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"கன்னு போனதும் ஒங்களுக்கு எப்டி இருந்துச்சு மாமா?"

மூக்கையா நடிப்பை மறந்தார். "ரெண்டு நாளு கஞ்சி எறங்கல தாயி. இதெல்லாம் யாரு கேட்டா?" முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஒங்க பக்கம் என்ன சித்தி?"

"கல்யாணமான நாள்லருந்து எனக்கு ஒரு பக்கம் இருக்குன்னே யாரும் கேட்டதில்லடி. எழுது: என் ஆடு அப்பிடிப்பட்ட ஆடில்ல."

* கன்று மட்டும் நிஜம். போன கோடையில் தண்ணீரில்லாமல் தானாகக் கருகியது.

4

மறுநாள் குழாயடியில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏச்சு மட்டும் இருந்தது.

"ஆட்டக் கட்டிப்போட வக்கில்ல!"

"வச்ச கன்னுக்குத் தண்ணி ஊத்த ஏலாதவரு, என் ஆட்டச் சொல்றாரு!"

"ஏ, ஆடே இல்லையேப்பா!" என்றேன்.

இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். "நீ சும்மா இரு. எங்க வக்கீலு பேசும்."

வக்கீல்! ஐரினை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. (இந்த இடத்தில் அவளை அழவைக்க நினைத்திருந்தேன். பெண் அழவில்லை, துப்பட்டாவைச் சரிசெய்து நிமிர்ந்துகொண்டாள்.)

"ரெண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல் வரக்கூடாதுக்கா. அது தப்பு" என்றாள் என்னிடம்.

"ஆடில்லாத கேஸு மட்டும் தப்பில்லையாக்கும்?"

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஐரின் உண்மையைச் சொல்கிறாள்: வருடம் போகிறது, முதல் கட்சிக்காரர்கள் இருவரும் போகிறார்கள். சொல்லாமல் கொடுத்துவிடுகிறாள்: தேர்ச்சி, ஆனால் இரண்டு வீடுகள் ஆயுசுக்கும் முகம் பார்ப்பதில்லை. குற்றம் என்னுடையது என்று நானே ஊரறிய ஒப்புக்கொள்கிறேன்... என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

6

ஞாயிறன்று இஞ்ஞாசியம்மாள் நத்தம் ஊருக்குப் போய், ஓர் ஆட்டை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். "மொகத்தப் பாருங்க! இதா கன்னத் திங்கிற மொகம்?"

இப்போது ஐரின் என் வாசலில் நிற்கிறாள். நாளை திங்கட்கிழமை. பதிவேட்டில் ஒரு வரி மட்டும் காலி.

"அக்கா, ஆடு இருந்துச்சா, இல்லியா? ஒங்க வாயால சொல்லுங்க. சொல்றத அப்பிடியே எழுதிக் குடுத்துர்றேன்."

பக்கத்தில் ஆடு. அதுவும் என்னைத்தான் பார்க்கிறது.

நான் எப்படிச் சாட்சி சொல்வேன்? நானும் ஒரு கட்சியாயிற்றே. முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தான். பேனா இந்தாருங்கள். அப்படியே செத்த நேரம் இந்தக் கயிற்றையும் பிடித்துக்கொள்ளுங்கள்; மூக்கையா வீட்டில் இன்று புதுக் கன்று நட்டிருக்கிறார்கள்.