வாக்கு சொன்ன பிள்ளை

பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை சண்முகப்ரியா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஜிதாவின் கையைக் கடித்து வைத்திருந்தாள். விளையாட்டுக் கடி இல்லை. பல் பதிந்து ரத்தம் வந்த கடி. பிரேமா அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு ஆட்டோ பிடித்துப் போனாள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஜெர்லின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிரேமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை மன்னிப்பு, ஒரு கும்பிடு, எல்லோரும் பார்க்கப் பிள்ளையின் முதுகில் ஓர் அடி, காரியம் முடிந்தது. இந்த டீச்சரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அக்கா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"எங்க வீட்டுல என்ன பிரச்சினை மிஸ்? ஒத்தப் பிள்ள. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுக்கோம்."

"போன வருசம் வரைக்கும் ப்ரியா இப்படி இல்லக்கா. இப்பதான் அடிக்கா, கடிக்கா. ரெண்டு தடவ கிளாஸ்லயே ஒண்ணுக்குப் போயிட்டா. இன்னைக்கு என்னன்னா, காத்துல புழுதி அடிக்குன்னு சுஜிதா கதவச் சாத்தியிருக்கா. அதுக்குத்தான் கடி. வெள்ளிக்கிழமை தோறும் இங்கன ஒரு மேடம் வாராங்க, பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் குடுக்க. ஒருநாள் அவங்க கூட உக்காரட்டும். நீங்களும் வாங்க."

பிரேமா தலையை ஆட்டினாள். ஆட்டின தலைக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை. கவுன்சிலிங் என்றால் மண்டைக்கோளாறு என்றுதான் அவள் குடும்பத்தில் அர்த்தம். வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பிரேமாவும் மெடிக்கலில் சொல்லி சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்த்தாள். இருமலுக்கு டானிக்கும் வாங்கினாள். தாயின் கடமையில் அவள் எதையும் குறை வைக்கவில்லை, விசாரிப்பதைத் தவிர.

அவள் புருஷன் லிங்கராஜுக்கும் அவன் அண்ணன் சிவசுப்பிரமணியனுக்கும் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மொத்தக் கடை. விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் வத்தலும் வெங்காயமும் வாங்கி, மாலத்தீவு போகும் தோணிகளுக்குச் சரக்குப் போடுகிறவர்கள். பெயருக்குத்தான் இரண்டு முதலாளி. பேச்செல்லாம் மூத்தவர் பேச்சு. தகப்பன் செத்தபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அண்ணன் நில் என்றால் லிங்கராஜ் நிற்பான். உட்கார் என்றால் அப்போதும் நிற்பான்.

கணக்கில் ப்ரியாவின் மார்க் குறைந்ததிலிருந்து சிவசுப்பிரமணியனே அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளி விட்டதும் பிள்ளை நேராகக் கடைக்குப் போய்விடுவாள். இருட்டும்போது லிங்கராஜ் கூட்டிக்கொண்டு வருவான். பி.காம். படித்த மனுஷன், வியாபாரத்தை விட்டுவிட்டுத் தம்பி மகளுக்காக உட்காருகிறாரே என்று பிரேமாவுக்கு நன்றியாக இருந்தது. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவாள்.

டீச்சர் சொன்னதை அவள் அவரிடம்தான் முதலில் சொன்னாள். சிவசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டவா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? டீச்சர் ஆயிரம் சொல்லுவா. இது அம்மன் பாத்துச் சரி பண்ண வேண்டிய விசயம். குலசை அம்மன் கோயிலுக்கு நேந்து, வார தசராவுக்குப் பிள்ளைக்குக் காளி வேஷம் போட்டு விடுங்க."

"நீங்க சொன்னா சரிதான் அத்தான்" என்றாள் பிரேமா. மனசுக்குள் பாரம் இறங்கியது போலிருந்தது. பள்ளிக்கூடத்து அறையில் யாரோ ஒரு மேடத்தின் முன்னால் கைகட்டி உட்காருவதைவிட, தெரிந்த அம்மன் எவ்வளவோ மேல்.

பிள்ளைக்கு விரத மாலை போட்டார்கள். மாலை போட்ட பிள்ளை சாமிக்குச் சமானம். திட்டக்கூடாது, கை நீட்டக்கூடாது, 'வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா' என்றுதான் பேச வேண்டும். வீட்டில் கறி மீன் நின்றது. பாடமும் நின்றது, விரதம் முடியட்டும் என்று சிவசுப்பிரமணியனே சொல்லிவிட்டார். ப்ரியா பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தாள்.

என்ன சொல்ல, பிள்ளை தெளிந்துவிட்டாள். கண் சிவப்புப் போனது. இருமல் போனது. சுஜிதாவுக்கு மிட்டாய் கொடுத்து ராசியானாள். ஒரு தடவை பிரேமா துணி துவைக்கும்போது பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பிரேமா தெருவெல்லாம் சொன்னாள். எதை நிறுத்தியதால் பிள்ளை தெளிந்தாள் என்று யோசிக்க அந்த வீட்டில் ஓர் ஆளுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய ஓர் ஆள் வாயைத் திறக்கவில்லை.

தசரா நெருங்கியதும் வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கக் குழுவோடு கிளம்பினார்கள். சிவப்புப் பட்டு, சடைமுடி, அட்டைக் கிரீடம், முதுகில் கட்டிய மரக் கைகள், வலது கையில் தகரவாள். கிரீடத்தின் கனத்தில் பிள்ளையின் கழுத்து அமுங்கியது. கடை கடையாக மேளம் அடித்துக்கொண்டு போனதில், சாயங்காலம் சொந்தக் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். வடக்கு பார்த்த கடை. சிவசுப்பிரமணியன் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சொந்தத் தம்பி மகள் முன்னால் குனிந்து, "குங்குமம் குடு தாயே" என்று நெற்றியைக் காட்டினார்.

ப்ரியா குங்குமம் வைக்கவில்லை. உடம்பு உதறியது. மேளக்காரர்கள் அதைப் பார்த்து அடியைக் கூட்டினார்கள்.

"கதவத் தொற!" என்று கத்தினாள். "கதவத் தொற! இருட்டா இருக்கு! கண்ணு எரியுது, மூச்சு முட்டுது, கதவத் தொற!"

கூட்டம் குலவையிட்டது. "ஆத்தா இறங்கிட்டா" என்று யாரோ அழுதார்கள். குழுத் தலைவர் பயபக்தியோடு கேட்டார்: "எந்தக் கதவு தாயே? பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லு."

ப்ரியா தகரவாளை உயர்த்திக் கடையின் பின்பக்கத்தைக் காட்டினாள். வாள் முனை தெற்கே நின்றது.

"தெக்க காட்டுதா!" என்று ஒரு பெரியவர் கூவினார். "செம்மணல் தேரிக்காட்டுல உங்க குடும்பக் கோயிலு பூட்டிக் கெடக்குல்லா, பங்காளிச் சண்டையில? அதச் சொல்லுதா! அம்மன இருட்டுல போட்டு வச்சிருக்கீங்க!"

அதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? சிவசுப்பிரமணியன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "தப்புதான் தாயே, தப்புதான். தொறந்துருதேன். கொடை விழா நடத்துதேன்" என்று தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நடிப்பு இல்லை. அவர் அதை மனசார நம்பினார்.

பிள்ளை காலடியில் கிடந்தவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் தாயைத் தேடினாள். கண்டுபிடித்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சன்னமாக இன்னொரு தடவை "கதவத் தொறயேன்" என்றாள். பிரேமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தட்டில் இருந்த சூடத்தை ஏற்றி மகளின் முகத்துக்கு நேராகக் காட்டினாள். ப்ரியா வாளைத் தாழ்த்தினாள்.

குலசையில் போய்க் காப்பு அறுத்து மாலை கழற்றும்போது, பிள்ளை மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதம்மா. இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கிடுதேன்." சாமிமேல் எவ்வளவு பக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் மெச்சினார்கள். பிரேமா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாலையை எடுத்தாள்.

தேரிக்காட்டுக் கோயிலைத் திறந்தார்கள். பங்காளிகள் சமாதானமாகி, கிடா வெட்டி, கொடை நடந்தது. ப்ரியா பழையபடி பள்ளி விட்டதும் கடைக்குப் போனாள். கண் பழையபடி சிவந்தது. ஆனால் கடிக்கவில்லை, அடிக்கவில்லை, அழவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், போட்டதைத் தின்றாள். பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஜெர்லின் டீச்சர் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவளே வீட்டுக்குப் போன் பண்ணினாள்.

"இப்ப யாரையும் கடிக்கலையே மிஸ்?" என்றாள் பிரேமா.

"அதாம்க்கா எனக்குப் பயமா இருக்கு. யார் கிட்டயும் பேச மாட்டுக்கா. பாத்ரூம் போவணும்னுகூடக் கேக்க மாட்டுக்கா, அப்படியே உக்காந்திருக்கா. முந்தி கதவச் சாத்துனா சண்டைக்கு வருவா. நேத்து நான் வேணும்னே சாத்திப் பாத்தேன். தலையக் குனிஞ்சி முகத்த யூனிஃபார்முக்குள்ள பொதிஞ்சிக்கிட்டா. அக்கா, இந்தப் பிள்ளைய யாரோ எங்கயோ போட்டு அடைக்காங்க. இன்னைக்கு அந்த மேடம் இன்னும் ஒரு மணி நேரம் இங்கதான் இருப்பாங்க. தயவுசெஞ்சு கூட்டிட்டு வாங்க."

பிரேமா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சிவந்த கண், இருமல், கதவு, இருட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வடக்கு பார்த்த கடைக்குப் பின்னால், தேரிக்காட்டுக்கு வெகு முன்னால், மிளகாய் வத்தல் குடோன் இருக்கிறது. பள்ளி விட்டு இந்நேரம் பிள்ளை அங்கே போயிருப்பாள்.

கடைக்குள் அவள் ஓடி வந்தபோது லிங்கராஜ் வெங்காய மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தான். "பிள்ள எங்க?" என்றாள். அவன் தராசைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்பது அந்தக் குனிந்த தலையில் அவளுக்குத் தெரிந்தது.

"உள்ள படிக்கா" என்றார் சிவசுப்பிரமணியன், கல்லாவிலிருந்து.

பின்பக்கம் போனாள். குடோன் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. பிரேமா கதவில் காதை வைத்தாள். உள்ளே அழுகை இல்லை, தட்டல் இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் அவளைக் கொன்றது. "சாவியக் குடுங்க!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

சிவசுப்பிரமணியன் நிதானமாக வந்து பூட்டைத் திறந்தார். வத்தல் நெடி முகத்தில் அடித்தது. மூட்டைகளுக்கு நடுவில் ப்ரியா முகத்தைப் பாவாடைக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தும் அவள் நிமிரவில்லை.

"என்னத்துக்குச் சத்தம் போடுத?" என்றார் அவர். "வாய்ப்பாடு ஒழுங்காச் சொல்லலைன்னா கொஞ்ச நேரம். அவ்வளவுதான். எங்கய்யா என்னைய இங்கனதான் போட்டுப் பூட்டுவாரு. எம் மவனையும் நான் இங்கனதான் பூட்டுனேன். இன்னைக்கு அவன் இன்ஜினீயர்." அந்த இன்ஜினீயர் வருஷக்கணக்காகத் தகப்பனுக்குப் போன் பண்ணுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"அம்மன் உங்க கண்ணு முன்னால நின்னு கேட்டாள்ல அத்தான்? கதவத் தொறன்னு கேட்டாள்ல?"

"அதான் கோயிலத் தொறந்தாச்சே" என்றார் அவர். அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

பிரேமா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதா அது, காலிரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. "ஏளா, நில்லு, அண்ணன் நல்லதுக்குத்தான..." என்று லிங்கராஜ் பின்னால் வந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றான். நிற்பதுதான் அவனுக்கு நன்றாக வருமே.

ஆட்டோவில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னாள். காற்றில் பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகை இல்லை; வத்தல் எரிச்சல். பிரேமா ஆட்டோவில் கிடந்த தண்ணீர் பாட்டிலில் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டாள். தன்மேல் வந்த ஆத்திரத்தையெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல், தாய்மார்கள் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இத்தன நாளு ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

ப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லாத முகம்.

"சொன்னேன்லா" என்றாள். "நீதான் சூடம் காட்டுன."