பெரிய கம்பியும் முன் சீட்டும்

திரைக்காரரின் கார் ஒரு காலத்தில் புதிதாக இருந்தது என்பதை நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் திரைக்காரர். இன்னொருவர் அதை அவர் தலையில் கட்டியவர். அவரும் அப்போதே அரைமனதாகத்தான் நம்பினார்.

அந்தக் காரின் பெட்ரோல் முள் எப்போதும் தொட்டி நிறைந்திருப்பதாகவே காட்டும். அவ்வளவு பெருந்தன்மை. மழை துடைப்பான் வெயில் நாளில் மட்டும் வேலை செய்யும். இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும் என்பதால், தெரிந்த தெருக்களில் எல்லாம் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஊர் போய்ச் சேர்வார் திரைக்காரர். ஒருமுறை யாரோ திருடன் அதை ஓட்டிக்கொண்டு போனான். காலையில் பார்த்தால் கார் அதே இடத்தில் நிற்கிறது. தள்ளிக்கொண்டே வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான், பாவம். பின்கண்ணாடித் தூசியில் விரலால் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியும் இருந்தான்.

இதையெல்லாம் திரைக்காரரின் மனைவி பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது பெரிய கம்பி.

வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் ஜன்னல் திரை தைத்து மாட்டுவது அவர்கள் பிழைப்பு. அவள் தைப்பாள், அவர் ஏணியில் ஏறி மாட்டுவார், கம்பியின் மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். பெரிய கம்பியை ஏற்ற வேண்டுமானால் டிக்கி வழியாக நுழைத்து, முன் சீட்டை மல்லாக்கச் சாய்த்து, அதன் மேல் படுக்கப்போட வேண்டும். ஆக முன் சீட்டு கம்பிக்கு. மனைவிக்கு அவர் முதுகுக்குப் பின்னால், துணி மூட்டைகளோடு ஒரு இடம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரோடு வெளியே போகும்போதெல்லாம் பார்த்தது அவருடைய பிடரியைத்தான். அவர் முடி கொட்டியதை அவருக்கு முன்பே தெரிந்துகொண்டவள் அவள்.

பின்னாலிருந்து அவள் சொல்வது எதுவும் எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. “என்ன? கேக்கல!” என்பார். அவள் திரும்பக் கத்துவாள். “என்ன?” என்பார் மறுபடியும். இப்படியே பல விஷயங்கள் அவர்களுக்குள் பேசி முடிக்கப்படாமலே கிடந்தன.

ஒருநாள் குறுக்கே ஓடிய நாய்க்காக அவர் பிரேக் போட்டார். கம்பி முன்னால் போய் இடித்து, எகிறிப் பின்னால் வந்து அவள் காதில் பொட்டென்று ஒன்று வைத்தது.

“நிறுத்துங்க,” என்றாள்.

அது மட்டும் அவருக்குக் கேட்டது. நிறுத்தினார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“இனிமே நான் ஏறணும்னா முன் சீட்டுலதான் ஏறுவேன். உங்களுக்கு நான் வேணுமா, அந்தக் கம்பி வேணுமான்னு முடிவு பண்ணிக்கோங்க.”

“ரெண்டும் வேணுமே,” என்றார் திரைக்காரர், வெள்ளந்தியாக.

“அப்ப ரெண்டும் கொள்ற மாதிரி வண்டி வாங்குங்க.”

சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அவருக்கு முன்னால் வேலையிடத்துக்குப் போய், ஏணி இல்லாமல், கம்பி இல்லாமல், வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் பஸ். அதற்கு மறுநாளும் பஸ். பஸ் போகாத தெருக்களில் வந்த வேலைகளை எல்லாம் திரைக்காரர் கைகழுவ வேண்டியதாயிற்று. கம்பியின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் அவர் தனியாக மாட்டிய ஒரே திரை, மாட்டியவரையும் கூட்டிக்கொண்டு கீழே வந்தது. அந்த வாரத்திலேயே காரும் ஒரேயடியாக மூச்சை நிறுத்தியது. பெட்ரோல் முள் மட்டும் இன்னும் நிறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே வேகன் தேடும் படலம் தொடங்கியது. சின்ன வேகன், சொன்ன நேரத்தில் கிளம்புகிற வேகன், பின்கதவிலிருந்து கம்பியை நீட்டினால் பின் சீட்டில் பாதியை மடக்கிய இடத்தோடு அடங்கி, முன் சீட்டை மனைவிக்கு விட்டுக்கொடுக்கிற வேகன்.

துணைக்கு மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. அவனை எல்லாரும் ‘யோசனை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை. ஆனால் எந்த வண்டியைப் பற்றியும் ஒரு யோசனை வைத்திருப்பான்.

இந்த இடத்தில் திரைக்காரர் வீட்டு டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பத்தடி நீளத் துணி டேப்பு. ஒருநாள் சூடான இஸ்திரிப் பெட்டி அதன் நுனியில் உட்கார்ந்ததில் முதல் பத்து அங்குலம் கருகி உதிர்ந்துவிட்டது. மிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று இருவரும் அதையே வைத்துக்கொண்டார்கள். அவர் ஏணிமேல் நின்று டேப்பில் உள்ளதை உள்ளபடி கத்துவார். கீழே அவள் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு துணியை வெட்டுவாள். ஒரு திரைகூட அளவு தப்பியதில்லை. கணக்கு முழுக்க அவள் இலாகா. எந்தக் கம்பி எத்தனை அங்குலம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பெரிய கம்பி, நடுக்கம்பி, சின்னக்கம்பி, அவ்வளவுதான்.

முதல் கடையில் ஒரு சாம்பல் நிற வேகன் நின்றது. பழைய வண்டிதான், ஆனால் பழகிய நாய்க்குட்டி மாதிரி சாவியைக் காட்டியதுமே உறுமியது. திரைக்காரர் கதவைச் சாத்திப் பார்த்தார். பெட்டகம் மூடுகிற சத்தம். யோசனை டயரை உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டான். “டயர் கெட்டியா இருக்கு அத்தான்.”

மனைவி யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வெயில் மறைப்பைக் கீழே இழுத்தாள். அதில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது.

“ஏங்க, இதுல முகம் பாக்கலாம்!”

திரைக்காரர் பின்கதவைத் திறந்து டேப்பை எடுத்தார். கடைக்காரர் தன் இடுப்பிலிருந்த எஃகு டேப்பை நீட்டினார். “இதுல அளங்க சார், சுலபமா இருக்கும்.”

“நாங்க அளந்து சாப்பிடறவங்க,” என்றார் திரைக்காரர். “எங்களுக்கு எங்க டேப்புதான்.”

அளந்தார். கடைக்காரர் தோளை ஒட்டி நின்று எட்டிப் பார்ப்பதால், கௌரவமான குரலில் கௌரவமான ஒரு எண்ணைச் சொன்னார்.

“தொண்ணூத்தாறு!”

முன் சீட்டில் மனைவியின் உதடுகள் அசைந்தன. முகம் விழுந்தது. வெயில் மறைப்பை மெதுவாக மேலே தள்ளினாள்.

“பத்தாதுங்க. அரைச் சாண் இடிக்குது.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாத்தேன். எனக்கு மட்டும் இறங்கணும்னு ஆசையா?”

கம்பியைக் கொண்டுவந்து நுழைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். கடைக்காரரும் அதையேதான் கேட்டார். அந்தக் கம்பியைச் சுமக்கக்கூடிய ஒரே வண்டி வீட்டு வாசலில் பிணமாகக் கிடக்கிறது என்று திரைக்காரர் விளக்கினார். பஸ்ஸில் கொண்டுவர ஒருமுறை முயன்றதாகவும், கம்பி ஒரு பஸ்ஸிலும் தான் இன்னொரு பஸ்ஸிலும் போக நேர்ந்ததாகவும் சொன்னார். கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை.

இரண்டாவது கடையில் வெள்ளை வேகன். “தொண்ணூத்தி நாலு!” உதடுகள் அசைந்தன. “பத்தாது.” திரைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. வேகன் செய்கிறவர்கள் எல்லாம் ஒன்றுகூடி, இவர் கம்பியை ஆள்விட்டு அளந்துவரச் சொல்லி, அதற்கு அரைச் சாண் குறைத்துத்தான் செய்கிறார்களோ என்று தோன்றியது.

“கம்பியை வெட்டிடலாம் அத்தான், ஒரு யோசனைதான்,” என்றான் மச்சான்.

“உன் நாக்கை வெட்டறேன், அதுவும் யோசனைதான். ஒட்டுப்போட்ட கம்பில திரை ஓடுமாடா?”

“நான் எதுக்கு வாயத் திறக்கணும்?” என்று யோசனை டயர்கள் பக்கம் போய்விட்டான்.

வீடு திரும்பும் பஸ்ஸில் கணவனும் மனைவியும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். தூக்கம் பிடிக்காமல் திரைக்காரர் பிறகு பல நாட்கள் அந்தச் சாம்பல் வேகனை நினைத்துக்கொண்டிருந்தார். கதவு சாத்துகிற சத்தம் காதிலேயே நின்றது. அரைச் சாண்! மனுஷனுக்கு எதிரி வெளியில் இல்லை, அரைச் சாணில் இருக்கிறான்.

மூன்றாவது கடை ஊர்க்கோடியில். இரண்டு பஸ் மாறி, வியர்த்து, சட்டை கசங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். யோசனை முன்னமே வந்து நின்றிருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாமல், முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல்.

“நீ எப்படிடா வந்தே?” என்றாள் அக்கா.

“வந்தேன்,” என்றான்.

அங்கே நின்றது நீல வேகன். பச்சையாகச் சொன்னால் அது நின்றது என்பதைத் தவிர அதற்கு வேறு திறமை இல்லை. சாவியைத் திருகினால் இருமியது. இன்னொரு முறை திருகினால் கதவு திறந்துகொண்டது. ஆனால் நீளம் இருந்தது. ரயில் பெட்டி மாதிரி நீளம். திரைக்காரர் நம்பகத்தைக் கைவிட்டு நீளத்துக்கு இறங்கிவந்த நிலையில் இருந்தார்.

“தொண்ணூத்தெட்டு!” என்று வெற்றிக்குரலில் கத்தினார்.

உதடுகள் அசைந்தன. “பத்தாது.”

திரைக்காரர் டேப்பைத் தரையில் அடித்தார். “இதுவும் பத்தாதா? இதுக்குமேல நீளம் வேணும்னா பாலத்தைத்தான் வாங்கணும்!”

“என் மேல ஏன் பாயறீங்க? இருக்கறதைச் சொல்றேன்.”

“அக்கா சண்டை வேணாம்,” என்று யோசனை பின்கதவு வழியாக ஏறி உள்ளே மல்லாந்து படுத்தான். “பாருங்க, நான் படுத்து காலுக்குக் கீழ இன்னும் ஒரு ஆள் குந்தலாம். எப்படிப் பத்தாதுன்னு சொல்றீங்க?”

அது மனைவிக்கும் உறுத்தியது. “ஏங்க, இவனை அளங்க.”

“இவனை எதுக்கு? இவனுக்கும் திரை தைக்கப்போறியா?”

“அளங்க சொல்றேன்.”

திரைக்காரர் மச்சானின் உச்சந்தலையில் டேப்பை வைத்துக் குதிகால் வரை இழுத்தார். கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “அறுபத்தெட்டு,” என்றார் திரைக்காரர்.

மனைவியின் உதடுகள் அசைந்து, பாதியில் நின்றன.

“நாலடி பத்து,” என்றாள். “என் தம்பி நாலடி பத்தா? ஸ்கூல்லயே அதுக்குமேல இருந்தானே!”

“யாரு நாலடி பத்து சொன்னா? அறுபத்தெட்டுன்னா அஞ்சடி எட்டு.”

“அதுல பத்து கழிக்கணும்ல?”

“நான்தான் கழிச்சுச் சொன்னேனே.”

“நீங்க கழிச்சீங்களா?” அவள் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. “எத்தனை வருஷமா நீங்க சொல்ல, நான் கழிக்கிறேன். உங்களை யாரு கழிக்கச் சொன்னது?”

“கடைக்காரன் பக்கத்துல நிக்கறான். இல்லாத நீளத்தைக் கத்தினா ‘டேப்பு பாக்கத் தெரியாதவன் திரை தைக்க வந்துட்டான்’னு நினைக்க மாட்டானா?”

கடைக்காரர் தான் அப்படியெல்லாம் நினைக்கிறவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ கூப்பிடுவதுபோல் நழுவினார்.

திரைக்காரர் விரல்விட்டு எண்ணினார். “கம்பி எவ்வளவு?”

“தொண்ணூறு.”

“சாம்பல் வண்டி?”

“தொண்ணூத்தாறு. தாராளமாக் கொள்ளும். எல்லா வண்டியும் கொள்ளும்.”

 திரைக்காரர் டேப்பைச் சுருட்டினார். கோபமெல்லாம் எங்கோ போய், காலில் இளமை வந்துவிட்டது. “கிளம்பு! இப்பவே முதல் கடைக்குப் போறோம். மாப்ளே, எழுந்திரு!”

யோசனை எழுந்திருக்கவில்லை. மல்லாந்தபடியே வண்டியின் கூரையைப் பார்த்தான்.

“அந்த வண்டி அங்க இல்ல அத்தான்.”

“வித்துடுச்சா? எந்தக் கழுதைடா அதுக்குள்ள…”

“நான்தான்.”

திரைக்காரர் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களே. நீங்க ஒதுக்கற பொருள் எப்பவும் நல்லா இருக்கும்னு ஒரு யோசனை. தெருமுனைல நிறுத்தியிருக்கேன். சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

திரைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், அவளும் தன் பக்கம் நின்று இரண்டு வார்த்தை திட்டுவாள் என்ற நம்பிக்கையில். அவள் அங்கே இல்லை. தெருமுனையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் ஒரு விடுதிக்குத் திரை மாட்டப் போனார்கள். பஸ் போகாத தெரு. யோசனை சாம்பல் வேகனை ஓட்டினான்; வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. பெரிய கம்பி பின்கதவிலிருந்து நுழைந்து, பாதி மடக்கிய பின் சீட்டோடு அடங்கிவிட்டது. முன் சீட்டில் மனைவி. வெயில் மறைப்பைக் கீழே இழுத்து, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

மடக்காத மீதிச் சீட்டில், துணி மூட்டைகளுக்கு நடுவே, கம்பியின் முனை காதுக்கு நேராக வர, திரைக்காரர் உட்கார்ந்திருந்தார். வேறு வேகன் தேட நாளைக்கே போகலாம் என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். என்ன அவசரம் என்று அவள் இரண்டு முறை கேட்டிருந்தாள்.

நாற்சந்தி வந்தது. தம்பி வலது பக்கம் திரும்பப் போனான்.

“இடது பக்கம்!” என்று கத்தினார் திரைக்காரர். “விடுதி இடது பக்கம்டா! இந்த வண்டில ஹாரன் அடிக்காது, திரும்பலாம்!”

யோசனை பிரேக் போட்டான். கம்பி அவர் காதில் பொட்டென்று ஒன்று வைத்தது.

மனைவி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டாள்.

“என்ன? கேக்கல!”