பார்க்கக் கூடாதவரைப் பற்றி

1.

இந்தக் கதை என் மாமியாரின் இருமலிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தும் வர வழியில்லை. ஏனென்றால் அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

எங்கள் பாலைவனத்து மக்களிடம் மருமகன் மாமியாரைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. பகை இல்லை, மரியாதை. அவர் கடைக்குள் இருந்தால் நான் பெட்ரோல் பம்புக்குப் பின்னால் நிற்பேன். நான் வருவது தெரிந்தால் அவர் பாதையை விட்டு இறங்கி முதுகைத் திருப்பிக்கொள்வார். நோரீனைக் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு முதுகு, ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி, அந்த இருமல். இதை வைத்துக்கொண்டு ஒரு பாத்திரத்தை எப்படி உண்டாக்குவது?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

______ காலையில் எழுந்து நெருப்பைக் கிளறி, டீக்குத் தண்ணீர் வைத்து—

கோடு போட்டிருக்கும் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதை எழுதியபோது உயிரோடு இருந்தார். இப்போது இல்லை. இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, பெயருக்குப் பதிலாகக் குன்மனாரா என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். கடையில் கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். இப்போது அவளும் குன்மனாரா. பிளேடால் சுரண்டினேன். காகிதம் கிழிந்துவிட்டது.

[உயிரோடு இருந்தபோது பார்க்கக் கூடாது, செத்த பிறகு பெயர் சொல்லக் கூடாது. பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாமா என்று என் மச்சான் கெல்வினிடம் கேட்டேன். அவன் அவருடைய மகன், கிளினிக் வண்டி ஓட்டுகிறவன். "பேப்பருக்கு ஏது மாமியார்? எழுதிக்கோ" என்றான். பிறகு வண்டி பானெட்டைத் திறந்து குனிந்துகொண்டான்.]

2.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மாட்டுப் பண்ணைகளுக்கு வேலி போட்டவன். குழி தோண்டுவது, கம்பம் நடுவது, கம்பி இழுப்பது. எழுத்து பிற்பாடு வந்தது, கால் போன பிறகு.

கால் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் கம்பி தடுக்கியது. பூட்ஸைக் குறை சொன்னேன். பிறகு தொடை விறைத்தது. பிறகு மூத்திரம் சொன்ன பேச்சு கேட்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பகலிலேயே போதை என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

கிளினிக்குக்கு வந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு வைரஸ். உலகத்தில் பல ஊர்க்காரர்கள் பெயர்கூடக் கேட்டிராதது. எங்கள் பக்கம்தான் நிறைய. தாய்ப்பாலில் போகும், படுக்கையில் போகும், ரத்தத்தில் போகும். பலரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு நுரையீரலைத் தின்னும், சிலருக்குக் காலை முடக்கும். கொல்ல மருந்து இல்லை. அதுவரை எங்களிடம் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

நோரீனுக்கும் இருந்தது. அவள் அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவின் பாலில் மகளுக்கு, மகளிடமிருந்து எனக்கு. அப்படி வந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நோரீன் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு ஒன்றை நினைத்தேன். எனக்கும் மாமியாருக்கும் நடுவில் ஒரு சொல்கூடப் போனதில்லை. போனது இது ஒன்றுதான்.

(இந்த இடத்தில் கோபம் வர வேண்டும் என்று ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

3.

இனி வண்டி.

பெரிய மழை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஆலிஸ் நகரத்துக்குப் போகும் மண் ரோடு அடைத்துக் கிடந்தது. விமானம் இறங்கும் தரையும் சேறு. ரோடு திறந்த காலையில் கிளினிக் வண்டி ஒன்றே ஒன்று கிளம்பியது. நரம்பு டாக்டர் தெற்கிலிருந்து ஆலிஸுக்கு எப்போதோதான் வருவார். அவரை விட்டால் அந்த வருஷம் எனக்கு வேறு டாக்டர் இல்லை. மாமியாருக்குக் காய்ச்சல், சளியில் ரத்தம். நர்ஸ் பிரிஜெட் ஊருக்குப் புதுசு. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டுவிட்டாள்.

என்னைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். நோரீனும் பிரிஜெட்டும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மாமியார் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் கெல்வினுக்கே விஷயம் புரிந்தது.

"மச்சான், துண்டைத் தலையில போட்டுக்க" என்றான். போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் துண்டுக்குள் கேட்டது. கதவு திறந்தது. இருமல் அருகில் வந்தது, நின்றது. கெல்வின் நடுவில் போர்வை கட்டப் பார்த்தான். அப்படிக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் அது பகல் முழுக்க ஓடும் வழி. அவர் டப்பாவில் துப்பிக்கொண்டே வர வேண்டும், மருமகன் காதுக்குப் பின்னால். நான் வழியெல்லாம் பாட்டிலில் மூத்திரம் போக வேண்டும், மாமியார் காதுக்கு முன்னால். அந்த நோய் எங்கள் இரண்டு பேரையும் சத்தம் போடுகிறவர்களாக ஆக்கிவிட்டிருந்தது. போர்வை கண்ணைத்தான் மறைக்கும்.

என்னை இறக்கிவிடு என்றேன்.

"சும்மா இரு மச்சான். நீ இறங்குனா அவங்களுக்கு அதைவிடப் பெரிய வெக்கம்."

பிரிஜெட் ஏதோ கெஞ்சினாள். மாமியார் நோரீனிடம் என்னவோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நானும் காதை இறுக்கிக்கொண்டேன். பிறகு இருமல் தூரமாகப் போயிற்று. வண்டி அவர் இல்லாமல் கிளம்பியது.

ஆலிஸில் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். கால் அப்படியேதான் இருக்கிறது; மோசமாகவில்லை என்பதே லாபம் என்கிறார்கள். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் அவர் போய்விட்டார்.

4.

அவர் என்ன சொன்னார்? கதை இங்கேதான் நிற்கிறது.

ஒரு முடிவு: "எனக்கு வெறும் இருமல்தான். அவன் போகட்டும்."

இது அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. ரத்தம் துப்புகிறவருக்கு வெறும் இருமல் இல்லை என்று தெரியாதா?

இன்னொன்று: "என் பொண்ணைக் கட்டி இவனுக்கு இந்தக் கதி. அதுக்கு மேல நான் வேற அவன் சீட்டையும் பிடுங்கணுமா?"

இதை எழுதிவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். அப்படி மட்டும் நினைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, அவர் கோபமாக—

இல்லை. அவர் குரல் கோபத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

5.

நோரீனிடம் கேட்டேன். துக்கம் முடியும்வரை இறந்தவரின் சொல்லை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவங்க சொன்னதை விடு. உன்னைப் பேச விட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்பே?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட வரவில்லை. இத்தனை நாள் அவரைத்தான் சரியாக எழுத வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் பேச ஒரு வசனமும் இல்லாத ஆள் நான்.

ஆகவே கடைசிப் பகுதியை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் அவருக்கு மருமகன் இல்லை. உங்களுக்குத் தடை ஒன்றும் கிடையாது. வண்டி இப்போதுதான் போயிருக்கிறது, சேற்றில் டயர் தடம் ஈரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கென்று எடுத்த தலையணையை இடுக்கிக்கொண்டு அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார். முன்பக்கமாகப் போங்கள். இருமி முடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். முகத்தைப் பாருங்கள். பிறகு ஏதாவது பேசுங்கள்.

என்ன பேசினீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அதைக் கேட்க எனக்கு முறை இல்லை.