சும்மா நிற்க ஒரு வரிசை

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து வந்தது: "சும்மாதானே நிக்கிற?" தேயிலை மலையில் பிறந்த எனக்கு இதைவிடப் பெரிய வசவு தெரியாது. ஆரம்பத்தை இப்படி எழுதினேன்:

[1978. பனி விலகாத சரிவில் வேலாயி மானைப்போல—]

மானை நான் எங்கே பார்த்தேன்? அந்த வரியை அடித்துவிட்டேன். வேலாயிக்கு முப்பது வயது, கொழுந்து பறிப்பவள். ஞாயிறன்று பக்கத்து ஊரான கம்போங் ராஜாவின் திடலில் நானூறு மீட்டர் ஓட்டம். முதலில் வருபவள் மாவட்டத்துக்காகக் குவாந்தானில், மாநிலப் போட்டியில், ஓடலாம். வேலாயி மூன்று வருஷமாக இரண்டாவது.

2

பயிற்சி கொடுப்பவன் காளியப்பன், தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். அவளைவிட நாலு வயது சின்னவன்.

"முப்பத்தஞ்சு விநாடி ஓடு. அப்புறம் தொண்ணூறு விநாடி சும்மா நில்லுக்கா."

ஓடினாள். நின்றாள். உடனே குனிந்து திடலில் களை பிடுங்கினாள். காளியப்பன் நாடி பார்த்தான். நூற்றைம்பது.

"நூத்திருபதுக்கு எறங்கணும். எறங்காம ஓடுனா கால் கல்லாயிடும்."

"கை சும்மா இருந்தா மூச்சு முட்டுது லா, தம்பி."

"வெரட்டி வேல வாங்க கங்காணிதான் இங்க இல்லியே."

"அவரு முதுகுலயே இருப்பாரு. ஒனக்குத் தெரியாது."

(அடிக்குறிப்பு: ஓய்வைக் குறைத்தால் தாக்குப்பிடிக்கும் சக்தி வளரும், வேகம் சாகும். நீட்டினால் வேகம் நிலைக்கும். ரொம்ப நீட்டினால் இந்தக் குளிரில் உடம்பு விறைத்துவிடும். இதைக் கதைக்குள் திணிக்கப் பார்த்தேன், நுழையவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.)

3

எனக்கும் எரிச்சல்தான். ஓடுவதை எழுதினால் படிக்கிறீர்கள். நிற்பதை எழுதினால் பக்கத்தைத் தள்ளுகிறீர்கள்.

காளியப்பன் வேறு மாதிரி கேட்டான். "கூடையோட மேடு ஏறுறியே, அந்த மூச்சு எப்ப எறங்குது?"

"கொழுந்து நிறுவைக்கு வரிசை நிக்கிறப்ப. வரிசை நீளமா இருந்தா அடுத்த நடை லேசு. குட்டைன்னா கால் வராது."

தலையில் கைவைத்துக்கொண்டான். "இத்தன நாளா இதத்தானே கத்துறேன்."

"நீ சும்மா நில்லுன்ன. வரிசையில நில்லுன்னு சொல்லலியே."

அடுத்த ஓட்டம் முடிந்ததும் அவள் முன்னால் போய், முதுகைக் காட்டி, வரிசைபோல நின்றான். தொண்ணூறு விநாடி. திரும்பி நாடி பார்த்தான். நூற்றுப்பதினெட்டு.

4

ஞாயிறு. தகுதிச் சுற்றில் வேலாயி முதலாவது. இறுதி ஓட்டத்துக்கு இருபது நிமிஷம். பந்தலிலிருந்து தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமசாமி கூப்பிடுகிறார்:

"வேலாயி, சும்மாதானே நிக்கிற? அந்த நாற்காலிங்களத் தூக்கிப் போடு."

மூன்று வருஷமும் இதே நாற்காலிகள்தான்.

முடிவு ஒன்று: தூக்குகிறாள். மறுபடி இரண்டாவது. [இதுதான் நடக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.]

முடிவு இரண்டு: முடியாது என்கிறாள், ஜெயிக்கிறாள். [மறுநாள் கொழுந்து பறிக்க கிராணி அவளுக்கு எந்தச் செங்குத்து நிரையைக் கொடுப்பார் என்று மலையில் எவனைக் கேட்டாலும் சொல்வான்.]

முடிவு மூன்று: காளியப்பன் ஓடிவந்து அவள் முன்னால் நிற்கிறான்.

"வரிசையில நிக்கிறேங்கய்யா," என்கிறாள் வேலாயி.

கிராணி எட்டிப் பார்க்கிறார். எதற்கு வரிசை என்று விளங்கவில்லை. ஆனால் வரிசையில் நிற்பவளை இழுத்து அவருக்கும் பழக்கமில்லை.

ஓட்டத்தை நான் எழுதப்போவதில்லை. இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருக்கிறது, அவள் நிற்கட்டும். உங்களுக்கு அவ்வளவு அவசரமென்றால் நாற்காலிகளை நீங்கள் தூக்குங்கள்.